இருட்டு வராத ஊர்

மே பாதியில் ஏறிய சூரியன்
ஜூலை முடியும்வரை இறங்காது ஹாம்மர்ஃபெஸ்டில்.
மீன் ஆலையின் கறுப்பு பிளாஸ்டிக்கை
ஜன்னலில் ஒட்டியிருக்கிறாள் ராக்ன்ஃப்ரிட்.
ஓரத்தில் நூலளவு வெளிச்சம்.
அது போதும்
இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி இறங்க.

தண்ணீர் குடியுங்கள் என்றார்கள் ஒரு வருடம்.
கவலையைக் குறையுங்கள் என்றார்கள் மறு வருடம்.
பிறகு ஒரு மாத்திரை. வலி தங்கியது, சொற்கள் போயின:
கையில் கத்தி, பலகையில் காட் மீன்,
பெயர் மட்டும் வாயில் வரவில்லை.

நரம்பு மருத்துவர் ட்ரோம்ஸோவில்.
எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்,
அதுவரை கட்டம் போட்ட தாளில்
வலித்த நாளுக்குச் சிவப்பு.

நவம்பரில் பென்சில் தேடவும் கண் திறக்கவில்லை.
"நவம்பர் நன்றாகப் போயிருக்கிறதே"
என்றார் டாக்டர், வெள்ளைக் கட்டங்களை எண்ணி.
அன்றைக்கென்று பார்த்து
தலையும் பளிச்சென்று இருந்தது.

தலைவலி தனக்கு வந்தால்தான் தெரியும்.
அவருக்கும் வரட்டும், அரை நாள் போதும்
என்று நினைத்தாள்;
படியிறங்குவதற்குள்
அந்த அரை நாளையும் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் கப்பலில்
நவம்பரைச் சிவப்பால் அடைத்தாள்,
கோடு தாண்டி, தாள் கிழிய.

மறுபடி டிசம்பரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.
அதற்குள்
இருட்டாவது வந்துவிடும்.