பதினொரு மணி

காஸ்த்ரோ நகர மருத்துவமனையின்
இரண்டாண்டு அறுவை அட்டவணையை
நெரேயா திரையில் பரப்பியிருந்தாள்.
ஹெர்னியா, பித்தப்பை, கண்புரை.
சிவப்புக் கட்டம் என்றால் "நோயாளி வரவில்லை".

"தீவுக்காரர்கள் அப்படித்தான். பயம்"
என்றார் டாக்டர் பர்ரியெந்தோஸ்,
கையுறையைக் கழற்றியபடி.
காலி மேசைக்கு மேலே
விளக்கு வீணே எரிந்துகொண்டிருந்தது.

சிவப்பெல்லாம் எட்டு மணி வரிசையில்.
சிவப்பெல்லாம் மே முதல் ஆகஸ்ட் வரை.
பயத்துக்குப் பருவம் உண்டா?

மதியம் படகுத்துறைக்குப் போய்
சீட்டுக் கிழிப்பவரின் நோட்டை வாங்கிவந்தாள்.
ஈரத்தில் ஒட்டிய தாள்கள்.
பனிமூட்டம், பனிமூட்டம், எஞ்சின் பழுது, பனிமூட்டம்.
தேதிகள் சிவப்பின்மேல்
இம்மி பிசகாமல் உட்கார்ந்தன.

ஓதிலியா கார்காமோ, அறுபத்தொன்று, பித்தப்பை.
மூன்று முறை சிவப்பு.
மூன்று முறையும்
முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல்
அக்கரையில் நின்றிருக்கிறாள்.

நெரேயா அந்தப் பெயரைப்
பதினொரு மணிக்கு இழுத்துவிட்டாள்.
மவுஸ் ஒரு விரற்கடை நகர்ந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய், பத்து நாற்பது.
தாழ்வாரமெங்கும் ரப்பர் பூட்ஸின் ஈரத் தடம்.
டாக்டர் கை கழுவிக்கொண்டிருக்கிறார்,
எதுவும் சொல்லாமல்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.