முப்பத்தோரு மீட்டர்

மேலப்பாளையம் அசனார்
மூன்று ரேடியோக்களைக் கண்ணாடிமேல் வைத்தார்.
ஒன்று வெள்ளி நிறம், நகை மாதிரி.
ஒன்றில் எண்கள் பச்சையாய் எரிந்தன.
மூன்றாவது கறுப்பு, செங்கல் கனம்,
மூலைகளில் ரப்பர்.

நான் எதையும் பாடவைத்துப் பார்க்கவில்லை.
பேட்டரி மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடினேன்.
முதலில் உடைவது அதுதான்.
போன ரேடியோ ஒரு வருஷம்
இன்சுலேஷன் டேப்போடு
ஆஸ்பத்திரிக் கட்டு போட்டவன் மாதிரி கிடந்தது.
ஏரியலை முழுக்க இழுத்து
அடிக்கணுவில் ஆட்டம் பார்த்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு
திருகை மயிரிழை நகர்த்திப் பார்த்தேன்;
எனக்கு வேலை இருட்டில்.

"மாட்டுக்குப் பல் பாக்கிற மாதிரில்லா பாக்கீரு" என்றார்.
"சமூகரெங்கபுரம் காத்த நீரு பாத்ததில்லயே."
கறுப்பைக் கட்டிக் கொடுத்தார்.
பாதிச் சம்பளம்.

நாற்பத்தோரு காற்றாலைகளுக்கு
நான் ராத்திரிக் காவல்.
செம்புக்கம்பி களவு போகக்கூடாது,
ஆடு கேட்டுக்குள் வரக்கூடாது,
அவ்வளவுதான்.
ஆனியில் காற்று கணவாய் வழியே இறங்கி
செம்மண்ணை வாய்க்குள் அள்ளிப் போடும்.
மாசியில் புரண்டு படுத்து
உவரிக் கடலின் உப்பைக் கொண்டுவந்து பூசும்
கதவுக் கொண்டியில், சைக்கிள் கம்பியில், உதட்டில்.

அதனால் டயர் ட்யூபை வெட்டி ஓர் உறை.
உள்ளே பழைய துவர்த்துத் துண்டு.
மகளின் செருப்பு டப்பாவில் வந்த
'தின்னாதே' என்று எழுதிய பொட்டலம் இரண்டு;
மாதம் ஒருதரம் கடலை வறுக்கிற சட்டியில்
ஈரம் போகச் சூடாக்கித் திரும்ப வைப்பேன்.
பகலில் பேட்டரி தனியே படுக்கும்.
இடி முழங்கினால்
உடைமரத்தில் கட்டிய கம்பியை முதலில் கழற்றுவேன்,
என் தலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எஸ்தர் சொன்னாள்:
"பிள்ளைக்குக் குல்லா இல்ல,
இந்தச் சவத்துக்குச் சட்ட தச்சாச்சு."

ராத்திரியில் ஒரு சீனத்துப் பெண்
புத்தகத் தமிழில் வணக்கம் சொல்வாள்.
எங்கள் ஆட்கள் யாரையும்விடச்
சுத்தமான ழகரம்.
அவளுக்கு என் ஊர் தெரியாது.
எனக்கு அவள் பெயர் தெரியும்,
அதுவும் அவள் வைத்துக்கொண்ட தமிழ்ப்பெயர்.

மாசிக் கடைசி. பனி.
அவள் குரலுக்குள் யாரோ அப்பளம் பொரித்தார்கள்.
பேட்டரியை மாற்றினேன். பொரிந்தது.
கம்பியைக் கழற்றினேன். பொரிந்தது.
அசனாரை, அவர் கடையை,
அந்தக் கண்ணாடியை ஏசினேன்.
பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சும்மா நடந்தேன்.

ஒன்பதாம் நம்பர் பக்கம் கொஞ்சம் கூடுதல்.
பன்னிரண்டில் அவள் குரலே இல்லை.
பதினாலாம் கம்பத்தடியில் பெட்டி அலறியது.
அண்ணாந்தேன்.
உப்பும் பனியும் ஏறிய பீங்கானில்
நீலமாய், நகக்கண் அளவு,
ஏதோ ஒன்று தின்றுகொண்டிருந்தது.

காலையில் எஞ்சினியர் கேட்டார்,
"யாரு சொன்னா?"
"ரேடியோ சார்."
"நியூஸ்லயா?"

லைனை நிறுத்தி ஏறினார்கள்.
பீங்கானில் விரல் நீளம் விரிசல்.
ரிப்போர்ட்டில் 'வழக்கமான சோதனையின்போது' என்று எழுதி
என்னிடம் டீ வாங்கிவரச் சொன்னார்கள்.

அன்று ராத்திரி இரைச்சல் இல்லை.
பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி
ஏதோ ஒரு மாகாணத்து ஆரஞ்சு விளைச்சலை
அவள் நிதானமாய்ச் சொன்னாள்.
கேட்டேனா என்றால், பாதிதான்.
விரல் தானாகவே திருகை நகர்த்தி
யாரும் பேசாத இடங்களில் போய் நின்றது.

முப்பதாம் கம்பம் பக்கம்,
இன்னும் பொரிக்கவில்லை,
எண்ணெய் மட்டும் காய்கிறது.