ஏழு மில்லிமீட்டர்

கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால்,
தொடையின் நடு, முழங்காலுக்குக் கீழே,
படிவம் பதினெட்டு அளவு கேட்டது.
மங்காஃப், நான்காம் மாடிக் குளியலறையில்
மரிசெல் நாடாவை இறுக்கிப் பிடித்துச் சொல்லச் சொல்ல
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி எழுதினேன்.

இதற்குமுன் என்னை அளந்தவர்கள் எல்லாம்
தையற்காரர்கள்.
"கொஞ்சம் லூசாவே வைங்கண்ணா."
முதலில் அம்மா சொன்னாள்,
பிறகு நானே சொல்லப் பழகினேன்.
ஒரு விரல் லூசு, இரண்டு விரல் லூசு,
பின்னால் பருத்தால் பிரித்துக்கொள்ள
உள்ளே தையல் விட்டு.

இதில் தையல் விடுவதில்லை.
லூசாக இருந்தால் தண்ணீர் வரும், போகும், வரும்,
போகும்போது உடம்புச் சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும்.
"உன் தோலைவிட ஒரு சுற்றுச் சின்னதாக" என்றான்
கடைக்கார ஃபவாஸ்,
என்னைப் பார்க்காமல், கால்குலேட்டரைப் பார்த்து.
எண்பத்தைந்து தினார்.
ஊரில் சொல்லவில்லை.
சொன்னால் பவுனில் கணக்குப் போடுவார்கள்.

வியாழன் இரவு வந்து சேர்ந்தது.
காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள் என்றாள் மரிசெல்;
வழுக்கிக்கொண்டு இறங்கிய கால்
முழங்காலில் நின்றது.
ஷாம்பு ஊற்றினோம்.
கட்டில் விளிம்பு, கதவுக் கைப்பிடி,
கடைசியில் தரை.
உரித்த சட்டையைத் திரும்பப் போட்டுக்கொள்ளப் பார்க்கும் பாம்பாக
இருபத்தைந்து நிமிடம்.

முதுகில் ஜிப் ஏறியது.
"மூச்சை வெளியே விடு."
விட்டேன்.
"இப்போது உள்ளே இழு."
"முடியவில்லை."
"சரி, அப்படியானால் சரியான அளவு."

எக்ஸ்ரே அறையில் நாளெல்லாம்
பிறர் எலும்பைப் பார்க்கிறவள் நான்.
நாற்பத்தொரு வயதில், நிலைக்கண்ணாடியில்,
என்னுடைய ஓரங்களைப் பார்த்தேன்.
வயிறு இருந்தது.
அது பாட்டுக்கு இருந்தது.

கைரான். ஜனவரி. காலை ஏழு மணி.
குவைத்தில் குளிரா என்று சிரிப்பவர்களை
இந்தப் படகில் ஏற்றிவிட வேண்டும்.
வடகாற்று. தண்ணீர் பதினைந்து டிகிரி.
குதித்தேன்.
மூழ்கவில்லை.
புது உடை என்னைத் தக்கைபோல் தூக்கிப் பிடித்தது.
மூச்சை விட்டேன், காலை மடக்கினேன்,
வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தேன்.
படகிலிருந்து இரண்டு கிலோ ஈயம் வந்தது.
பிறகு இன்னும் இரண்டு.
எல்லோரும் இங்கிருந்து தங்கம் கட்டிக்கொண்டு போவார்கள்.
பதினான்கு வருடத்தில் நான் கட்டியது இது,
இடுப்பில்.

இறங்கினேன்.

ஜிப்பின் மேல்முனையில் நுழைந்தது முதல் தண்ணீர்.
சி ஏழு, டி ஒன்று, டி இரண்டு,
முள்ளெலும்பு ஒவ்வொன்றின் பெயரும் எனக்குத் தெரியும்,
அதற்கும் தெரிந்திருந்தது.
எல் ஐந்து வரை ஒன்று விடாமல் தொட்டுக்கொண்டு போனது.
கத்தியிருப்பேன். வாயில் ரெகுலேட்டர்.

பிறகு நின்றது.
போக வழியில்லாமல், தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே,
மெல்ல என் சூட்டுக்கு வந்தது.
குளிரைத் தடுக்கும் உடை என்றுதான் நினைத்திருந்தேன்.
இது கொஞ்சம் உள்ளே விடுகிறது,
விட்டதைத் திருப்பி அனுப்புவதில்லை.

எட்டு மீட்டர். கலங்கல்.
மரிசெலின் துடுப்புவரைதான் கண் போனது.
பாறை ஓரம் ஒரு கணவாய்,
பாறைமேல் பாறையாக, மணல்மேல் மணலாக.
என் கறுப்பைப் பார்த்து அதுவும் கறுத்தது,
பிறகு வேண்டாமென்று வெளுத்தது.
அதற்கு யார் அளவெடுத்தார்கள்?
எனக்கு விரல்கள் மட்டும் விறைத்தன.
கையுறைக்கு அளவு கொடுக்க மறந்திருந்தேன்.

இரவு பால்கனியில் ஹேங்கரில் தொங்கவிட்டேன்,
தோள் அகன்று, இடுப்பு சற்றே வளைந்து,
சொட்டிக்கொண்டு.
கீழிருந்து காவலாளி ஷொஹாக் போன் செய்தான்:
"சிஸ்டர், உங்கள் பால்கனியில் யாரோ நிற்கிறார்கள்."
எட்டிப் பார்த்தேன்.
சுவர்ப்பக்கம் திருப்பிவிடலாமா என்று யோசித்தேன்.

"ஆமாம்" என்றேன்.
"நிற்கட்டும்."