ஒன்று புள்ளி எட்டு

விடிகாலை நாலேமுக்காலுக்குக்
கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் பதினேழு பெண்கள்.
என் மடியில் தூக்குவாளி, அதற்கடியில் டப்பா.
வீட்டில் ஒளித்துவைக்க இடமில்லாததால்
அதுவும் என்னோடு மலையேறி இறங்கும்.
உள்ளே பஞ்சு திணித்திருக்கிறேன்,
கிலுகிலுக்காமலிருக்க.

ஒன்பது வருஷத்தில்
எண்பத்தேழு அறுநூற்றுப் பன்னிரண்டாயிற்று.
அன்றைக்கு மையத்து நர்ஸ் என் கையைக் குலுக்கினார்.
எண் ஏறினால் நல்லது என்று பழகிவிட்டேன்.
இப்போது ஏறுவது வேறு எண்.
ஒன்று புள்ளி எட்டு.
கிரியாட்டினின்.
யாரும் கை குலுக்கவில்லை.

டாக்டர் சீட்டின் பின்னால்
இரண்டு அவரைவிதை வரைந்தார்.
"உங்களைக் காப்பாத்துன மாத்திரைதாம்மா
இதையும் கொஞ்சம் அரிக்குது.
வேற மாத்தித் தர்றேன். நீங்களா நிறுத்திடாதீங்க.
தண்ணி நல்லாக் குடிங்க."

வண்டன்மேட்டு ஏலக்காட்டில்
கறுப்புக் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர்.
குடித்ததை இறக்கத்தான் இடமில்லை டாக்டர்.
மேட்டில் ஷாஜி சார்,
பள்ளத்தில் மருந்தடிக்கும் பையன்கள்,
நடுவில் அட்டை.
காலையில் ஒரு வாய், கஞ்சியோடு ஒரு வாய்,
அப்புறம் சாயங்காலம்
செக்போஸ்ட் தாண்டிய மூணாவது வளைவுதான்.
நோயைச் சொன்ன வாய்க்கு
இதைச் சொல்ல வரவில்லை.

மறுநாள் பத்து மணிக்கே ஒரு பாட்டில் குடித்தேன்.
ராக்கு நிமிர்ந்தாள்.
"என்னடி சுருளி, நெளியிற?"
சர்க்கரை என்றேன்.
சர்க்கரைக்கு யாரும் தள்ளி உட்காருவதில்லை.
"போ, நான் கொடையப் பிடிக்கேன்" என்றவள்
மேட்டைப் பார்த்துக் கத்தினாள்:
"சாரே, அந்தப் பக்கம் திரும்பு!"

தட்டைகளுக்கு நடுவே குந்தி
நுரைக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.
மழையில் எல்லாமே நுரைத்தது.

புது மாத்திரை நீளம். டப்பாவும் பெரிது.
பழைய பஞ்சு காணவில்லை,
கைக்குட்டையைக் கிழித்துத் திணித்திருக்கிறேன்.

இறங்கும் ஜீப்பில்
ஒவ்வொரு வளைவுக்கும் யார் பையிலோ கிலுகிலுப்பு.
போன வாரம் சேர்ந்த உத்தமபாளையத்துப் பெண்
பையை வயிற்றோடு அழுத்திக்கொள்கிறாள்.

சர்க்கரை மாத்திரையாகவும் இருக்கலாம்.

நாளைக்குப் பஞ்சு வாங்கும்போது
கொஞ்சம் கூடுதலாக வாங்கவேண்டும்.