இரண்டு கவர்

வேலை இல்லை என்று சத்தியம் செய்யப்
பத்திரம் வாங்க வேண்டும்.
ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில்
முந்நூறு ரூபாய், நோட்டரி முத்திரையோடு.
'எமில்டா, தேவசகாயம் மகள், வயது முப்பத்தெட்டு,
இன்றைய தேதியில் எங்கும் வேலையில் இல்லை.'
கடைக்காரர் வாசித்துச் சொன்னார்.
இங்கிலீஷில் இருந்ததால் என் பெயரை மட்டும் சரிபார்த்தேன்.
அதிலும் ஒரு எழுத்துக் கூடுதல்.

பீனியாவில் கம்பெனி மூடிய சனிக்கிழமை
லைனில் இருந்த எல்லோரிடமும்
ராஜினாமா என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.
நான் அப்போது பாத்ரூமில் இருந்தேன்.
பதினேழு வருஷமாக நான் எழுந்து போகும்போதெல்லாம்
வாட்சைப் பார்த்த சூப்பர்வைசர்
அன்றைக்குப் பார்க்க மறந்துவிட்டார்.
தானாகப் போனவளுக்குப் பணம் கிடையாதாம்.
என் ஃபைலில் இல்லாத அந்த ஒரு காகிதம்தான்
என் ஃபைலில் இருக்கும் ஒரே நல்ல விஷயம்.

பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை.
ஆனாலும் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறார்,
விலை: சைபர்.
எங்கே என்று மட்டும் கேட்பார்.
திங்கட்கிழமை ராஜாஜி நகர் என்பேன்.
வியாழக்கிழமை சிவாஜி நகர்,
அங்கே ஏஜென்ட் ஆபீஸ், மூன்றாவது மாடி.
ஜோர்டானில் ஒரு தையல் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள்.
மூன்று வருஷ ஒப்பந்தம், தங்க இடம், அரிசிச் சோறு.

கையில் எப்போதும் இரண்டு பிளாஸ்டிக் கவர்.
நீலத்தில், எனக்கு வேலை இல்லை என்பதற்கு அத்தாட்சி.
வெள்ளையில், எனக்கு வேலை தெரியும் என்பதற்கு.
நீலத்தில் நான் சும்மா இருப்பவள்.
வெள்ளையில் மணிக்கு அறுபது காலர்.

ஏஜென்ட் ஆபீசில் ஒரு பழைய மிஷின்,
லேப்டாப்பில் ஒரு மீசைக்காரர், அவர் முதுகுக்குப் பின்னால் வெயில்.
அவர் தலையாட்ட, தைத்தேன்.
இடது முனை, வலது முனை, திருப்பி ஒரு குத்து.
இரண்டு மாதம் கழித்து மிதியில் கால் வைத்ததும்
கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.
தூசி என்றேன்.
அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை கவுன்ட்டரில்
கிளார்க் விரலை வைக்கச் சொன்னார்.
சிவப்பு விளக்கு.
முந்தானையில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
"ரேகையே இல்லையே. ஏனு கெலசா மாட்தித்ரி?"
துணி சார், என்றேன்.
டெனிம்.

வேறு அத்தாட்சி கேட்டார்.
அவசரத்தில் வெள்ளைக் கவரை நீட்டிவிட்டேன்.

அவர் படித்தார். மெதுவாகப் படிப்பவர்.
பாஸ்போர்ட் நகல், ஒப்பந்த மாதிரி,
மெடிக்கலுக்குக் கட்டிய ரசீது.
பத்திரத்தில் 'எங்கும்' என்று ஒரு சொல் இருந்ததே,
அதற்குள் ஜோர்டான் வருமா?
வேலை தேடுகிறீர்களா என்று ஃபாரத்தில் இருந்தது,
ஆமாம் என்று டிக் போட்டேன்.
எந்த ஊரில் என்று அதில் கேட்கவில்லை.
எனக்குப் பின்னால் நின்றவள்
என் தோளுக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
குனிந்து, தணிந்த குரலில், தமிழில்:
"அங்க எவ்ளோ தர்றாங்க?"
சொன்னேன்.
"ஓவர்டைமோடயா?"
ஓவர்டைமோட.
மேஜைக் காலண்டரின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.
"என் தம்பி சம்சாரம். பொம்மனஹள்ளில..."
அதற்கு மேல் சொல்லவில்லை.
வெள்ளைக் கவரை என் பக்கம் தள்ளிவிட்டு
நீலத்தைக் கேட்டார்,
கன்னடத்தில், வரிசைக்கே கேட்கும்படி.

பாதிச் சம்பளம், தொண்ணூறு நாளுக்கு. வந்தால்.
விசாவும் அப்படித்தான், வந்தால்.
எது முந்தினால் எதை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது,
அதற்கும் ஒரு பத்திரம் இருக்குமோ என்னவோ,
யாரிடம் கேட்பது?

திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.
"எல்லிகே?" என்றார் கண்டக்டர்.
லக்கெரே என்று ஒரு வார்த்தை.
வாய் திறந்தும் வரவில்லை.
அவருக்கு நேரமில்லை,
கடைசி ஸ்டாப்புக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்.
எங்கே இறங்கினாலும் ஒரே விலை.