நார்மல்

செல்லூர் சுகாதார நிலையத்தில்
வெள்ளிக்கிழமை பிரஷர் பார்ப்பார்கள்.
எட்டரைக்கே போய்விடுவேன்.
எனக்கு முன்னால் எப்போதும் ஒரே ஒருவர்,
ராத்திரித் தறி முடித்துத்
தலையில் பஞ்சோடு வருகிறவர்.
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

சிஸ்டர் ரூபாவதி
ரவிக்கைக் கையை மேலே ஏற்றிப்
பட்டையைச் சுற்றுவாள்.
காற்று ஏறும்.
இறுகும்.
இன்னும் இறுகும்.
"இந்தா, பஸ்ஸு வருது, எங்கிட்டு ஓடுற?" என்று
சிம்மக்கல் முக்கில் அவர் பிடித்து நிறுத்துவாரே
அதே இடம்.
அதே இறுக்கம்கூட.
பிறகு ஸ்ஸ்ஸென்று
விட்டுவிடும்.

சோணைமுத்து போய் மூன்று வருஷம் நாலு மாசம்.
ஓடுகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்தி
அதன் அடியில் படுத்து வேலை பார்த்த மனுஷன்
வீட்டுக் கட்டிலில் படுத்தபடி போனார்.
எனக்கு அப்போது நாற்பத்தைந்து.
சின்ன வயசுதானே, பாவம் என்று கொஞ்சப் பேர்.
பையனைத்தான் ஆளாக்கிட்டியே,
இனி உனக்கென்ன என்று கொஞ்சப் பேர்.
பதினாறாம் நாள் சாப்பாட்டில்
இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டே
ரசம் ஊற்றினேன்.

ஷேர் ஆட்டோவில் இடிக்கிற முழங்கை
கணக்கில் வராது.
மளிகைக்கடை மாதவன் முன்னெல்லாம்
மிச்சக் காசைக் கையில் வைப்பார்.
இப்போது கல்லாப் பலகையில் வைத்துத்
தள்ளிவிடுகிறார்.
நல்லவர்தான். மரியாதைக்காகத்தான்.
ஓசூரிலிருந்து பையன்
ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுகிறான்.
கன்னத்தில் விரல் வைத்தால்
சுடுகிறது.
போன் சூடு.

இடது தோளுக்குக் கீழே ஒரு இடம்.
மேலாக விட்டாலும் கை எட்டாது,
கீழாக விட்டாலும் எட்டாது.
அங்கேதான் அரிக்கும், அதுவும் ராத்திரியில்.
தோசைக்கரண்டிக் காம்பால் சொறிந்துகொள்கிறேன்.
முதல் தடவை சிரிப்பு வந்தது.
யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாமென்று
திரும்பினேன்.

இன்னொன்றும் உண்டு.
அதை ரூபாவதியிடமும் சொல்ல முடியாது,
அக்காவிடமும் சொல்ல முடியாது.
விளக்கை அணைத்த பிறகு
உடம்புக்கு நாற்பத்தெட்டு என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

போன வாரம் சொன்னாள்:
"நார்மல்மா. இனி மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும்."
நல்ல சேதி.
மாத்திரைகூட வேண்டாமாம்.
பாலத்தில் நின்று பார்த்தேன்,
தண்ணியில்லாத வைகையில்
ஒரு எருமை மட்டும்
எங்கேயோ ஈரம் கண்டுபிடித்துப் படுத்திருந்தது.
நல்ல சேதி சொன்னவள்மேல்
எதற்கு இத்தனை கோபம் என்று
வீடு வரைக்கும் புரியவில்லை.

நேற்று ராத்திரி
பழைய சோற்றுக்கு நெத்திலிக் கருவாடு.
நார்த்தங்காய் ஊறுகாய்.
போதாதென்று இரண்டு அப்பளம்.
வெறும் உப்பையும் ஒரு சிட்டிகை
நாக்கில் வைத்தேன், மருந்து மாதிரி.
விடிய விடியத் தவித்தது தண்ணிக்கு.

இன்று மெஷினில் பேட்டரி இல்லை.
திரும்பிப் போகச் சொல்வாளென்று
எழுந்தேவிட்டேன்.
"உக்காருங்கம்மா, நாடியாச்சும் பாக்குறேன்" என்று
மணிக்கட்டைப் பிடித்தாள்.
மூன்று விரல்.
ஸ்பிரிட் வாசம், ஜில்லென்று.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அவள் எண்ணினாள்.
அவள் உதட்டைப் பார்த்து நான் எண்ணினேன்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
இத்தனை வேகமாகவா ஓடுவது,
மெதுவாகப் போயேன் என்று
என் ரத்தத்திடமே கெஞ்சினேன்.

ஊசி போட்ட குழந்தை ஒன்று
வராண்டாவில் வீறிட்டது.
ரூபாவதி திரும்பிப் பார்த்தாள்.
"அய்யோ, விட்டுப்போச்சும்மா.
மொதல்லருந்து பாக்கணும்."

பாருங்க என்றேன்.
எனக்கு ஒன்னும் அவசரமில்ல.