முட்டிவலி

ஓய்வு பெற்ற அதிகாரி
மறுமாதமே கம்பெனி நாற்காலியில்.
ஒசாகாவில் அதுதான் மரியாதையாம்.
ஜெர்மன் அம்மாளுக்கோ
அரசு, முதலாளி, சங்கம் மூன்றும்
ஒரே மேசையில் காபி குடித்தாக வேண்டும்.
ஹூஸ்டன்காரர் வக்கீலைக் கேட்காமல் தும்மமாட்டார்.

"கடலூரில் எப்படி, மிஸ்டர் தணிகாசலம்?"

கர்ச்சீப்புக்குள்ளிருந்து கேட்டார்கள்.
காற்று அன்று குடிகாட்டுப் பக்கம்தான் வீசியது,
ஆனாலும்.

எப்படி என்று சொல்ல.
வாரிய ஜீப்புக்கு டீசல் எங்கள் கணக்கு.
உப்பனாற்றில் இறங்கி
பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பதும் நான்தான்;
உதவிப் பொறியாளர் அருமைக்கண்ணுவுக்கு முட்டிவலி.
நுரை ஒதுங்குகிற இடம் எனக்குத் தெரியும்.
அறிக்கை எப்போதும் பளிங்காய் வரும்.

எந்தத் துறையில் இறங்குவது என்று
அவர் சொன்னதில்லை.
பதினோரு வருஷமாகிறது,
நானும் கேட்டதில்லை.